சினிமாவுல வாய மட்டும் ஸ்க்ரீன் முழுக்க காட்றது எதுக்கு?

கேள்வி இதான்: சில படத்துல, விளம்பரத்துல, ஷார்ட் ஃபிலிம்ல எல்லாம் மூஞ்சியக் கூட காட்டாம உதடு, பல்லு, நாக்கு மட்டும் ஸ்க்ரீன் முழுக்க வெக்கறாங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு, இதுக்கு அர்த்தம் ஏதாவது உண்டா இல்ல சும்மா ஸ்டைலா, நான் எடுக்கற ஷார்ட் ஃபிலிம்ல ஒண்ணு வெக்கணும்னா எப்படி எடுக்கறது.

இதுக்கு எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, காமம், பயம், அருவருப்பு, இந்த மூணுக்கும் தான் வாய்னு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதி தான். நான் சவுண்ட் எடிட்டிங் பக்கம் இருக்கறவன், டப்பிங் தியேட்டர்ல உக்காந்து ஒரே உதட்ட லூப் போட்டு திரும்பத் திரும்ப பாக்கறது தான் பொழப்பு, அதனால எனக்கு இது வேற மாதிரி தெரியுது. வாய் ஷாட்டுங்கறது கேமரா சமாச்சாரத்த விட சவுண்ட் சமாச்சாரம். ஒரு படத்துல உருவம் தனியா வருது, குரல் தனியா வருது, ரெண்டும் ஒரே ஆளோடதுதான்னு நம்ப வெக்கற தையல் வாய்ல தான் இருக்கு. மத்த எல்லா ஷாட்லயும் அந்தத் தையல் கண்ணுல படாம பாத்துக்கறோம், இந்த ஒரு ஷாட்ல மட்டும் அதையே தூக்கி நடு ஸ்க்ரீன்ல வெக்கறோம். நல்ல டைரக்டர் யாரு இத யூஸ் பண்ணி இருந்தாலும் 'இந்தக் குரல் யாரோடது'ங்கற சந்தேகத்துல கை வெச்சிருப்பாங்க, கவனிச்சுப் பாருங்க.

கண்ணோட எக்ஸ்ட்ரீம் குளோசப் வந்தா நமக்கு கஷ்டமே இல்ல, உள்ள ஏதோ ஓடுது, அந்த ஆளு என்னமோ நெனைக்கறாருன்னு நாமளே கத கட்டிப்போம். வாய்க்கு அது நடக்காது. கண்ணையும் புருவத்தையும் எடுத்துட்டா சிரிக்கறாரா அழறாரான்னே பாதி நேரம் தெரியாது, ஆளு காணாமப் போயி உறுப்பு மட்டும் நிக்கும். 1958ல ஹிட்ச்காக் எடுத்த வெர்டிகோ படத்துக்கு சால் பாஸ்னு டிசைனர் பண்ணின டைட்டில் இருக்கு பாருங்க, ஒரு பொண்ணோட உதடு முதல்ல வரும், லேசா நடுங்கும், அப்புறம் கேமரா கண்ணுக்குப் போகும், படத்தோட பேரே கண்ணுக்குள்ள இருந்து தான் வெளிய வரும், அதுக்கப்புறம் தான் அந்தச் சுழல் எல்லாம். வாய்ல இருந்து ஆரம்பிச்சாலும் உள்ள போறதுக்கு கதவு கண்ணு தான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, ஆரம்பத்துல இருந்து வருவோம். 1901ல இங்கிலாந்துல ஹோவ்னு கடலோர ஊர், பிரைட்டனுக்குப் பக்கத்துல, அங்க ஜேம்ஸ் வில்லியம்சன்னு ஒருத்தர், மருந்துக் கடை வெச்சிருந்தவர், தி பிக் ஸ்வாலோன்னு ஒரு நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்தாரு. ஒருத்தர் என்ன ஃபோட்டோ எடுக்காதேன்னு கத்திக்கிட்டே கேமராவப் பாத்து நடந்து வர்றாரு, வந்துக்கிட்டே இருக்காரு, மூஞ்சி பெருசாகி வாய் மட்டும் ஸ்க்ரீன் முழுக்க ஆகி, வாயத் தொறந்து கேமராவையும் கேமராமேனையும் சேத்து முழுங்கிடறாரு, அப்புறம் பின்னாடி போயி நல்லா மென்னுக்கிட்டே சிரிக்கறாரு. குளோசப்னா என்னன்னு யாருக்கும் பழக்கமே இல்லாத காலம். அவ்வளவு நேரம் வாய் ஓடிக்கிட்டே இருக்கு, ஒரு சத்தம் கேக்காது, ஊமைப்படம். பேசற வாய், குரல் இல்ல, அந்த வாய் கடைசியில கேமராவயே தின்னுடுது. சினிமாவுக்கு சவுண்ட் வர்றதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே இந்த ஜோக்க அடிச்சுட்டாரு மனுஷன்.

ஊமைப்படத்துல கத்தற வாய்க்கு ஒரு தனி பவர் உண்டு, ஏன்னா சத்தத்த நாமளே மண்டைக்குள்ள போட்டுக்கணும். 1925ல ஐசன்ஸ்டீனோட பேட்டில்ஷிப் பொட்டெம்கின்ல ஒடெஸா படிக்கட்டுல, மூக்குக் கண்ணாடி ஒடைஞ்சு, கண்ணுல ரத்தத்தோட வாயப் பொளந்துக்கிட்டு ஒரு பொம்பள நிப்பாங்களே, அந்த ஷாட். ஃப்ரான்சிஸ் பேகன்னு ஓவியர் அந்த ஒரு ஃப்ரேம வாழ்க்க பூரா விடவே இல்ல. பாரிஸ்ல ஒரு பழைய புத்தகக் கடையில வாய் நோய்களப் பத்தின கலர் படம் போட்ட மருத்துவப் புத்தகம் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு, அதையும் இந்த ஸ்டில்லையும் பாத்து பாத்து கத்தற வாயா வரைஞ்சு தள்ளினாரு, 1953ல வரைஞ்ச கத்தற போப் படம் அதுல வந்தது தான். மோனே சூரிய அஸ்தமனம் வரைஞ்ச மாதிரி நான் வாய வரையணும்னு பேட்டியிலயே சொன்ன ஆளு. பெயின்டிங்லயும் சத்தம் கிடையாது, அதான் விஷயமே.

பேசும் படத்துக்கு வந்தா எல்லாரும் முதல்ல சொல்றது 1941ல ஆர்சன் வெல்ஸோட சிட்டிசன் கேன். மீசையோட ஒரு உதடு, ஸ்க்ரீன் பூரா, 'ரோஸ்பட்'னு ஒரு வார்த்தை, ஆளு காலி. அந்த ஒத்த வார்த்தைக்கு அர்த்தம் தேடித்தான் ஒரு ரிப்போர்ட்டர் படம் முழுக்க அலையறாரு. அந்த வார்த்தைய யாரு கேட்டா? நர்ஸ் அப்புறம் தான் ரூமுக்குள்ள வர்றாங்க, பின்னாடி பட்லர் ஒருத்தர் நான் கேட்டேன்னு சொல்லுவாரு, அத வெச்சு சினிமா ரசிகருங்க இன்னும் சண்ட போடறாங்க. எனக்கு அதுல பெரிய குழப்பம் இல்ல, அந்த உதட்டுக்குப் பக்கத்துல காத வெச்சுக்கிட்டு இருந்தது நாம தான், ரகசியம் சொல்றவரோட மூஞ்சி எப்பவும் நமக்குத் தெரியாது, வாய் மட்டும் தான் கிட்ட இருக்கும்.

இப்ப நான் ரொம்ப நேரம் பேசப் போறது ரெண்டு விஷயம், ரெண்டும் லண்டன்ல ராயல் கோர்ட் தியேட்டர்ல ஒரே வருஷம் நடந்தது. 1973 ஜனவரியில சாமுவேல் பெக்கெட்டோட நாட் ஐ, அதாவது 'நான் இல்ல'ங்கற நாடகம் அங்க போட்டாங்க, பில்லி வைட்லா நடிச்சாங்க. அதே வருஷம் ஜூன்ல அதே கட்டடத்தோட மாடியில சின்ன ஹால்ல ராக்கி ஹாரர் ஷோ ஆரம்பிச்சுது. ஒண்ணு உலகத்துலயே கஷ்டமான நாடகம்னு பேரு எடுத்தது, இன்னொண்ணு ஜாலியா கத்திக்கிட்டு ஆடற ராக் மியூசிக்கல். ரெண்டும் கேமராவுக்கு வந்தப்போ ரெண்டுமே இருட்டுல தனியா தொங்கற ஒரு பொம்பள வாயா வந்துச்சு. இத நான் முதல்ல கவனிச்சப்போ ரொம்ப நேரம் சிரிச்சேன்.

நாட் ஐல மேடை முழுக்க இருட்டு. தரையில இருந்து சுமார் 8 அடி உசரத்துல வாய்ல மட்டும் லைட்டு. வைட்லாவ மேல ஒரு நாற்காலியில கட்டி, தலை அசையாம இருக்க கிளாம்ப் போட்டு, மூஞ்சிய கருப்புத் துணியால மூடிட்டாங்க. தலை ஒரு இஞ்ச் நகர்ந்தாலும் வாய் லைட்ட விட்டு வெளிய போயிடும். ரிகர்சல்ல அவங்களுக்கு தல சுத்தி, விண்வெளியில உருண்டு போற மாதிரி ஆகி ஒடஞ்சு போயிட்டாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, கண்ணும் தெரியாது, காதுல விழறது அவங்க குரல் மட்டும் தானே. அந்த வாய் பேசறது என்ன தெரியுமா, வாழ்நாள் பூரா அனேகமா பேசாமலே இருந்த ஒரு வயசான அம்மாவுக்குத் திடீர்னு பேச்சு பிச்சுக்கிட்டு கொட்டுது, நிறுத்த முடியல, மூச்சு விடக்கூட இடமில்ல. சொல்றது எல்லாம் அவங்க கத தான், ஆனா 'நான்'னு ஒரு தடவ கூட சொல்ல மாட்டாங்க, 'அவ, அவ'ன்னே சொல்லுவாங்க, 'நான்'னு சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மறுத்துட்டு 'அவ'ன்னு கத்துவாங்க. குரல் என்னோடது இல்ல, வாய் தான் தன்பாட்டுக்கு ஓடுது, அதான் நாடகமே.

மேடையில கடைசி வரிசையில உக்காந்தவனுக்கு அந்த வாய் ஒரு புள்ளி அளவு தான் தெரியும், இருட்டுல அது மெதக்கற மாதிரி இருக்கும். 1975ல பிபிசிக்காக அத ஷூட் பண்ணி 1977ல ஒளிபரப்பினாங்க, அதுல புள்ளி அப்படியே தலைகீழா மாறிடுச்சு, டிவி முழுக்க வாய் மட்டும் தான், வேற எங்கயும் போகாது. மேடையில கூட நின்ன இன்னொரு உருவத்தையும் எடுத்துட்டாங்க. பாத்தீங்கன்னா முதல் ஒரு நிமிஷம் வாயா இருக்கும், அப்புறம் பல்லு, எச்சில் நூல், நாக்கோட நுனி, கொஞ்ச நேரத்துல அது வாயே இல்ல, ஏதோ ஒரு பிராணி. வேற உறுப்பு மாதிரி தெரியுதுன்னு எழுதினவங்களும் உண்டு, எழுதாம மனசுக்குள்ள நெனச்சவங்க இன்னும் அதிகம். ஆனா நான் சொல்ல வர்றது அது இல்ல. அவ்வளவு கிட்ட வாய் தெரிஞ்சும், ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு எப்படிப் போகுதுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சும், குரல் அங்க இருந்து வர்ற மாதிரியே ஒரு கட்டத்துல தோணாது. வாய் வேற, பேச்சு வேறன்னு பிரிஞ்சிடும். இவ்வளவு சுத்தமா லிப் சிங்க், அதாவது உதடும் குரலும் ஒத்துப்போறது, இருக்கற ஒரு படத்துல தையல் பிரியறத வேற எங்கயும் நான் பாத்தது இல்ல.

ராக்கி ஹாரர் இதுக்கு நேர் எதிர் ரூட்ல அதே இடத்துக்கு வருது. 1975ல வந்த படத்தோட டைட்டில் பாட்டு, கருப்பு பேக்ரவுண்ட்ல செக்கச்செவேல்னு ரெண்டு உதடு, வெள்ளப் பல்லு, பாடுது. உதடு பட்ரீசியா க்வின்னோடது. பாடற குரல் ரிச்சர்ட் ஓ பிரையனோடது, ஆம்பள. மேடையில அந்தப் பாட்டப் பாடினதே க்வின் தான், படத்துல குரல எடுத்துட்டு உதட்ட மட்டும் வாங்கிக்கிட்டாங்க. மூஞ்சியில கருப்பு மேக்கப் போட்டு, ஃப்ரேம விட்டு வாய் நகராம இருக்க இங்கயும் தலைய அசைய விடாம புடிச்சு வெச்சுத் தான் எடுத்தாங்க. கேட்டுக்கிட்டே பாத்தா குரல் ஆம்பளையா பொம்பளையான்னு முதல்ல பிடிபடாது, உதடு சொல்றது ஒண்ணு, காது சொல்றது ஒண்ணு, படமே ஆம்பள பொம்பள கோட்டக் கலைக்கற படம்ங்கறதால இந்த ஒத்த ஷாட்லயே முழுப் படத்தையும் சொல்லி முடிச்சுட்டாங்க. அதே வருஷம் ஜாஸ்னு, அதாவது 'தாடை'ன்னு பேரு வெச்ச சுறாப் படம் வந்து ஓடிக்கிட்டு இருந்ததால போஸ்டர்ல உதட்டப் போட்டு இது வேற மாதிரி தாடைனு நக்கல் வேற. ஓவியம் தெரிஞ்சவங்களுக்கு இத பாத்தா மேன் ரேங்கற ஓவியரோட 1930கள் ஓவியம் ஞாபகம் வரும், வானத்துல சுமார் 8 அடி நீளத்துக்கு உதடு மட்டும் மெதக்கும், அவர விட்டுட்டுப் போன காதலி லீ மில்லரோட உதடு. உதடுன்னதும் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் பேண்டோட நாக்கு லோகோவையும் சொல்லணும், 1970ல ஜான் பாஷ்னு ஒரு ஸ்டூடன்ட் வரைஞ்சது, பேண்டோட பாடகர் மிக் ஜாகர் அவருக்கு மாதிரிக்குக் காட்டினது நம்ம காளி படம்.

குரலே இல்லாம வாய மட்டும் வெச்சு மிரட்டினது குப்ரிக். 1968ல 2001: எ ஸ்பேஸ் ஒடிசியில, ஹால்ங்கற கம்ப்யூட்டருக்குக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டு விண்வெளி வீரங்க பாட்ங்கற ஒரு குட்டி விண்கலத்துக்குள்ள போயி, கதவ சாத்தி, மைக் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ரகசியமா பேசுவாங்க. கண்ணாடி வழியா ஹாலோட பார்வை, இவரு வாய், அவரு வாய், திரும்ப இவரு வாய், சவுண்ட் சுத்தமா இல்ல. அவ்வளவு தான், இடைவேளை. ஒரு வசனம் இல்ல, மியூசிக் இல்ல, ஹால் உதட்டப் படிக்கறான்னு நமக்குப் புரியற நொடி முதுகுத் தண்டு சில்லுன்னு ஆகும். தையல்ல ஒரு பக்கத்தப் பிடுங்கிட்டு இன்னொரு பக்கத்த மட்டும் காட்டினதால வந்த பயம் அது. வாய் ஷாட் எப்படி வெக்கணும்னு யாராவது கேட்டா நான் முதல்ல இதத்தான் போட்டுக் காட்டுவேன்.

இதோட எதிர்முனையில ஒரு காமெடி இருக்கு. அமெரிக்காவுல 1959ல கிளட்ச் கார்கோன்னு ஒரு டிவி கார்ட்டூன், பட்ஜெட் கம்மி, உதடு அசையறத ஒவ்வொண்ணா வரைய காசு இல்ல. எட்வின் ஜில்லெட்னு ஒருத்தர் சிங்க்ரோ வாக்ஸ்னு ஒரு டெக்னிக் வெச்சிருந்தாரு, உண்மையான நடிகரோட உதட்ட லிப்ஸ்டிக் போட்டு குளோசப்ல எடுத்து, அத அப்படியே வரைஞ்ச மூஞ்சி மேல ஒட்டிடறது. மூஞ்சி பொம்மை, வாய் மட்டும் நெஜம். யூடியூப்ல தேடிப் பாருங்க, லிப் சிங்க் நூத்துக்கு நூறு சரியா இருக்கும், ஆனா ராத்திரி தூக்கம் வராது. சிங்க் சரியா இருந்தா மட்டும் நம்பிக்க வந்துடாதுங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் கிடையாது. இந்த வித்தைய தெரிஞ்சே அழகா பண்ணினது செக் நாட்டு ஷ்வான்க்மேயர், 1988ல அவரு எடுத்த ஆலிஸ்ல பொம்மைங்க பேசறத எல்லாம் அந்தச் சின்னப் பொண்ணே சொல்லுவா, ஒவ்வொரு தடவையும் அவ உதட்டுக்கு டைட்டா கட் பண்ணி 'ன்னு முயல் சொல்லுச்சு'ங்கற மாதிரி வரும். ப்ரூஸ் நாமன்னு ஒரு ஆர்டிஸ்ட் 1969ல லிப் சிங்க்னே பேரு வெச்சு ஒரு வீடியோ பண்ணினாரு, தலைகீழா அவரு வாய், காதுல ஹெட்ஃபோன், அதே ரெண்டு வார்த்தைய திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருப்பாரு, சவுண்ட் மெதுவா உதட்ட விட்டு நழுவும், திரும்ப வந்து ஒட்டும், திரும்ப நழுவும். முழுசா பாக்கறது கஷ்டம், நானே ஓட்டித் தான் பாத்தேன்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா. நாம காதால மட்டும் கேக்கறது இல்ல. 1976ல ஹாரி மக்கர்க், ஜான் மெக்டொனால்டுன்னு ரெண்டு பேரு நேச்சர் பத்திரிகையில ஒண்ணு போட்டாங்க, 'ப'ன்னு சவுண்ட வெச்சு, 'க'ன்னு சொல்ற வாயோட படத்த ஓட்டினா நிறைய பேருக்கு 'ட' மாதிரி ஒண்ணு காதுல விழுது. கண்ண மூடினா சரியா 'ப'ன்னு கேக்கும், தொறந்தா திரும்ப 'ட'. ட்ரிக்குன்னு தெரிஞ்சாலும் மாறாது. ஆக வாய் பெருசா தெரியற ஷாட்ல நீங்க தப்பா டப் பண்ணினா, சிங்க் போச்சுங்கறதோட நிக்காது, வசனமே வேற மாதிரி காதுல விழ வாய்ப்பு இருக்கு.

நேரக் கணக்கும் இருக்கு. 1998ல ஐடியூன்னு சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு ஒரு ஸ்டாண்டர்டு சொல்லுச்சு, சவுண்ட் படத்துக்கு முன்னாடி வந்தா சுமார் 45 மில்லிசெகண்ட்லயே ஜனங்க கண்டுபிடிச்சுடறாங்க, பின்னாடி வந்தா 125 வரைக்கும் தாங்கறாங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடற படத்துல ஒரு ஃப்ரேம்ங்கறது கிட்டத்தட்ட 42 மில்லிசெகண்ட், அதாவது ஒரு ஃப்ரேம் முந்தினாலே மாட்டிக்குவீங்க, மூணு ஃப்ரேம் பிந்தினா தப்பிச்சிடலாம். காரணம் சிம்பிள், வெளிச்சத்த விட சத்தம் மெதுவா தான் வரும், தூரத்துல துணி துவைக்கறவங்களப் பாத்தா தெரியும், பிந்தி வர்ற சத்தத்துக்கு நம்ம மூளை பழகிப் போயிருக்கு, வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே வர்ற சத்தம் உலகத்துலயே கிடையாது. இதெல்லாம் சாதா ஷாட்டுக்கு. உதடு மட்டும் ஸ்க்ரீன் பூரா இருந்தா இந்த சலுகை எல்லாம் நம்பாதீங்க, நான் அந்த மாதிரி ஷாட்ட அரை ஃப்ரேம் கணக்குல நகர்த்திப் பாப்பேன்.

நம்ம ஊர் படத்துல இந்த ஷாட் ஏன் கம்மின்னு யாராவது கேட்டா, சென்சார்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். எனக்கு அத விட பெரிய காரணம்னு தோணறது நம்ம தொழில்முறை. 1938ல நந்தகுமார் தான் தமிழ்ல முதல் பின்னணிப் பாட்டுன்னு சினிமா வரலாறு எழுதறவங்க சொல்லுவாங்க, அதுல இருந்து வாய் ஒருத்தரோடது, குரல் இன்னொருத்தரோடதுங்கறது நமக்கு சகஜம், பாட்டு மட்டுமில்ல, மொழி தெரியாத ஹீரோயினுக்கு வசனமும் வேற ஒருத்தர் குரல் தான். அந்த நிலைமையில வாய்க்கு டைட்டா போனா தையல் தெரிஞ்சிடும். அதனால பாட்டுல முக்கியமான சங்கதி வர்ற இடத்துல கட் பண்ணி பூவுக்கோ முதுகுக்கோ கூந்தலுக்கோ போயிடுவாங்க, பாதி நேரம் அது கவித்துவம் இல்ல, லிப் மேட்ச் ஆகல, எடிட்டர் தப்பிச்சிருக்காரு. ஸ்லோ மோஷன் பாட்டுக்கு வேற கூத்து, 48 ஃப்ரேம்ல எடுத்தா செட்டுல நாகராங்கற டேப் ரெக்கார்டர்ல பாட்ட டபுள் ஸ்பீடுல ஓட விடணும், நடிகர் கீச்சு கீச்சுன்னு ஓடற பாட்டுக்கு வாயசைக்கணும், அப்ப தான் ஸ்க்ரீன்ல உடம்பு மெதுவாவும் உதடு சரியாவும் வரும். அதுலயும் சுத்தமா வாயசைக்கற நடிகருங்க இருக்காங்க, கும்புடணும்.

டப்பிங்ல உதட்ட எப்படிப் பாக்கறோம்னு சொல்றேன், இது உங்களுக்கும் உதவும். எல்லா எழுத்தையும் பாக்கத் தேவையில்ல. ப, ம ரெண்டுக்கும் உதடு முழுசா மூடணும், வ வந்தா கீழ் உதடு மேல் பல்லத் தொடும், உ, ஓ வந்தா குவியும், ஆ வந்தா தொறக்கும். இந்த நாலு இடம் சரியா உக்காந்துட்டா மிச்சத்த ஆடியன்ஸ் மன்னிச்சிடுவாங்க, ஏன்னா ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு உள்ள மடங்கறது, வெளிய ஒண்ணும் தெரியாது. வேத்து மொழிப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதறவங்க உதடு மூடற இடத்துல ப, ம வர்ற வார்த்தையத் தேடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இதுல ஒரு நுணுக்கம் பாருங்க, நாம பேசும்போது 'வரணும்', 'மரம்'னு கடைசியில ம் வந்தாலும் உதட்ட மூடறதே இல்ல, மூக்கால இழுத்து விட்டுடுவோம். நடிகர் ஷூட்டிங்ல சாதாரணமா பேசிட்டுப் போயிருப்பாரு, உதடு தொறந்தே இருக்கும், டப்பிங்ல பேப்பரப் பாத்து 'வரணும்'னு ம்ம அழுத்திச் சொன்னா மிட் ஷாட்ல யாருக்கும் தெரியாது, எக்ஸ்ட்ரீம் குளோஸ்ல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும்.

சவுண்டுக்காகவே வாய் ஷாட் வெக்கற இன்னொரு கூட்டம் சாப்பாட்டு வீடியோக்காரங்க. கொரியாவுல 2010 சுமாருக்கு லைவ் ஸ்ட்ரீம்ல ஆரம்பிச்ச முக்பாங் இப்ப நம்ம பக்கத்துலயும் தாறுமாறா ஓடுது, மைக்க வாய்க்குக் கிட்ட வெச்சு முறுக்கு கடிக்கற சத்தமும் நல்லி எலும்ப உறிஞ்சற சத்தமும், படம் வெறும் சாட்சி. சிலருக்கு அது ஜிவ்வுன்னு இருக்கும், சிலருக்கு கொமட்டும், நான் ரெண்டாவது கட்சி. அப்புறம் குரலே இல்லாத வாய் நம்ம ஊர்ல எங்க இருக்குன்னா பெட்டிக் கடையில, 2016 ஏப்ரல்ல இருந்து சிகரெட், புகையிலை பாக்கெட்ல 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை படம் போடணும்னு ஆச்சு, வாய்ப் புத்து வந்த வாயோட குளோசப் அப்பவே பாக்கெட்டுக்கு வந்துடுச்சு, தியேட்டர்லயும் 2012 அக்டோபர்ல இருந்து புகையிலை எச்சரிக்கைப் படம் கட்டாயம். தினமும் லட்சக்கணக்கான பேரு கையில எடுக்கற எக்ஸ்ட்ரீம் குளோசப் இது தான், யாரும் சினிமா லிஸ்ட்ல சேக்கறது இல்ல.

சரி, உங்க ஷார்ட் ஃபிலிமுக்கு. வாய் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர், சுத்தி கொஞ்சம் தோல் விட்டா ஃப்ரேம் 7, 8 சென்டிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் போட்டா சுகமா வரும், அது இல்லன்னா இருக்கற 50 எம்எம்ல எக்ஸ்டென்ஷன் டியூப், அதாவது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல வர்ற வெத்துக் குழாய், மாட்டுங்க, ரொம்ப விலை இல்ல. அதுவும் இல்லன்னா 4கேல கொஞ்சம் லூசா எடுத்து எச்டி டைம்லைன்ல பாதி வரைக்கும் கிராப் பண்ணிக்கலாம், தப்பே இல்ல. மொபைல்ல இருக்கற மேக்ரோ மோட் வேணாம், அது வைட் லென்ஸ், மூக்குல இடிக்கற தூரத்துக்குப் போகணும், உதடு வீங்கின மாதிரி வரும், போனோட நெழலும் வாய் மேலயே விழும்.

ஃபோகஸ் தான் உயிர எடுக்கும். இந்த தூரத்துல லென்ஸோட துவாரத்த எஃப் 2.8ல பெருசா தொறந்து வெச்சா ஷார்ப்பா இருக்கறது ஒரு மில்லிமீட்டர் சொச்சம், எஃப் 8ல கூட மூணு மில்லிமீட்டர் தான், ஆனா உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவுலயே அத விட ஜாஸ்தி இடைவெளி. எஃப் 11, 16க்குப் போங்க, அதுக்கு லைட்டு நிறைய வேணும், வாய் ஒரு குகை மாதிரி, மேல இருந்து லைட் அடிச்சா உள்ள கும்மிருட்டு, லென்ஸ் உசரத்துலயே முன்னாடி இருந்து ஒரு சாஃப்ட் லைட் வைங்க. நடிகர் தலைய சும்மா வெச்சுக்கறேன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க, மூச்சு விட்டாலே ஃபோகஸ் போயிடும், பின்னாடி சுவத்துல தலையணை வெச்சு சாய விடுங்க, கிளாம்ப் எல்லாம் வேணாம். வைட்லா பட்ட பாடு போதும். உதட்டுல வெடிப்பு, பல்லுல வெத்தலக் கறை, மீசையில ஒத்த வெள்ள முடி, எல்லாமே ஸ்க்ரீன்ல ஒரு அடி உசரத்துக்கு வரும், அது கேரக்டருக்கு வேணுமா வேணாமான்னு ஷூட்டுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, கலரிங்ல சரி பண்ணிக்கலாம்னு வராதீங்க.

சவுண்டுக்கு ஒரே விஷயம், இந்த ஷாட்ட பின்னாடி டப் பண்ணாதீங்க, ஸ்பாட்லயே மைக்க ஃப்ரேமுக்குக் கீழ ஒரு ஜாண் தூரத்துல வெச்சு எடுத்துடுங்க, கிளாப் அடிக்க மறக்காதீங்க, ஃப்ரேம்ல கிளாப் போர்டு பிடிக்க இடம் இருக்காது, லென்ஸ் முன்னாடி விரல சொடுக்கினா கூட போதும். உதடு ஒட்டிப் பிரியற சத்தம், நாக்கு டிக்கு டிக்குன்னு அடிக்கற சத்தம் எல்லாம் வரும், கொஞ்சம் வேணும், ரொம்ப வந்தா காதுல கடிக்கற மாதிரி இருக்கும். டேக்குக்கு முன்னாடி தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பால், தயிர் எதுவும் வேணாம், புளிப்பு பச்ச ஆப்பிள் ஒரு துண்டு மெல்லச் சொன்னா பாதி சத்தம் அடங்கிடும், வாய்ஸ் ஆர்டிஸ்டுங்க பலரும் பண்றது தான். ஆப்பிள் தோல் பல்லுல மாட்டியிருக்கான்னு மட்டும் பாத்துட்டு ரோல் சொல்லுங்க.